ஏற்காட்டுல டிஜே: ஒரு நைட்டுக்கு வர்றது எவ்வளவு, கையில நிக்கறது எவ்வளவு?



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. ஏற்காடு ஏரிக்குப் பக்கத்துல ஒரு டீக்கடை. பனி இன்னும் முழுசா விலகலை. நான் குடும்பத்தோட ரெண்டு நாள் ட்ரிப் வந்திருந்தேன். என் பழைய காலேஜ் நண்பன் முந்தின ராத்திரி ஒரு ரிசார்ட்ல டிஜே நைட் முடிச்சுட்டு, தூக்கம் கலையாத கண்ணோட எதிர்ல வந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, நேத்து நாலு மணி நேரம் ப்ளே பண்ணினேன். 12,000 ரூபாய். இதே காசுக்கு ஆபீஸ்ல எட்டு நாள் உட்காரணும்டா"ன்னான்.

அப்புறம் போனை எடுத்து ஒரு மெயிலைக் காட்டினான். ராஜினாமா மெயில். டிராஃப்ட்ல இருக்கு, சென்ட் மட்டும் அழுத்தலை.

"விடலாமா? நீதான் ஊருக்கெல்லாம் கணக்கு சொல்றியே, எனக்கும் சொல்லு."

அன்னைக்கு அந்த டீக்கடையில ஒரு பழைய பில் பேப்பர் பின்னாடி நாங்க போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. பேர் போடாதே, கணக்கை மட்டும் போடுன்னு சொன்னான். அதனால பேர் கிடையாது. கணக்கு முழுசா இருக்கு.

உங்கள்ல நிறைய பேர் டிஜே இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா போட்டோகிராபி, மேக்கப், யூடியூப், கேக் ஆர்டர், மெஹந்தின்னு ஏதோ ஒரு 'சைடு' நிறைய பேர்கிட்ட இருக்கு. இந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

அவனுக்குப் பிடிச்ச இசை, அவனுக்குச் சோறு போடற இசை

நண்பன் உண்மையிலேயே உருவாக்கற இசைக்குப் பேரு ஹார்ட்கோர். எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்ல இருக்கறதிலேயே வேகமான, முரட்டுத்தனமான வகைகள்ல ஒண்ணு. சாதாரண ஹவுஸ் மியூசிக் நிமிஷத்துக்கு 120-130 பீட். ஹார்ட்கோர் 160-ல ஆரம்பிச்சு 200-ஐயும் தாண்டும். 1990-கள் ஆரம்பத்துல நெதர்லாந்தோட ராட்டர்டாம் நகரத்துல 'கேபர்'ங்கற பேர்ல பெரிசா வளர்ந்தது. வாரம் முழுக்க வேலைக்குப் போயிட்டு, சனிக்கிழமை ராத்திரி மொட்டைத் தலையும் ட்ராக் சூட்டுமா ஆடித் தீர்த்த இளைஞர்களோட இசை அது. ஒரு வகையில நம்மள மாதிரி ஆளுங்களோட இசைதான்.

ஆனா ஏற்காடு ரிசார்ட்ல யார் ஹார்ட்கோர் கேக்கறாங்க? பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூர்லேர்ந்து டீம் அவுட்டிங் வர்றவங்க கேக்கறது குத்துப் பாட்டு. கல்யாண ரிசப்ஷன்லயும் அதேதான். ஒரே ஒரு தடவை, ஷோ முடியப் போற நேரத்துல, நண்பன் தன்னோட சொந்த ட்ராக்கை நாலு நிமிஷம் ஓட விட்டிருக்கான். ஆடிட்டிருந்தவங்க ஒவ்வொருத்தரா சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துட்டாங்க. மேனேஜர் வந்து, "தம்பி, ஜெனரேட்டர் ரிப்பேர் ஆன மாதிரி சத்தம் வருது, பாட்டைப் போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாராம்.

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ஆனா விஷயம் அதுதான். அவன் வேலையை விட நினைக்கிறது ஹார்ட்கோருக்காக. காசு வர்றதோ குத்துப் பாட்டுல. இந்த ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக் கணக்கு போட்டா கணக்கு தப்பும்.

உச்சியில இருக்கற நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க

டிஜே வருமானம்னு தேடினா முதல்ல வர்றது ஃபோர்ப்ஸ் பட்டியல். 2014-ல கால்வின் ஹாரிஸ் ஒரே வருஷத்துல 6.6 கோடி டாலர் சம்பாதிச்சதா போட்டாங்க. 2019-ல செயின்ஸ்மோக்கர்ஸ் 4.6 கோடி டாலரோட முதலிடம். படிச்சா தலை சுத்தும்.

கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அந்தப் பட்டியல்ல இருக்கறவங்க எல்லாம் பாப் பக்கம் சாய்ஞ்ச, ரேடியோவுல ஓடற டான்ஸ் மியூசிக் ஆளுங்க. ஹார்ட்கோர் கலைஞர்கள் அங்கே கிடையாது. ஹார்ட்கோரோட தாய்வீடான நெதர்லாந்துலயே அது ஒரு தனிக் கூட்டத்தோட இசைதான். அங்கே இந்த இசையோட மிகப் பெரிய பேரு தண்டர்டோம். 1992-ல ஆரம்பிச்ச அந்த நிகழ்ச்சியே 2012-ல 'இதுதான் கடைசி'ன்னு சொல்லி நின்னு, 2017-லதான் திரும்ப வந்தது. நடுவுல அஞ்சு வருஷம். அவ்வளவு பெரிய மேடையே அஞ்சு வருஷம் இல்லாமப் போகுதுன்னா, அந்த ஒரு மேடையை மட்டும் நம்பின ஒருத்தரோட வீட்டு வாடகையை யோசிச்சுப் பாருங்க.

உச்சியில இருக்கற பத்து பேரோட வருமானம் மீதிப் பேரோட வாழ்க்கையைப் பத்தி எதுவும் சொல்லாது. சினிமாவுல ஹீரோ சம்பளத்தை வெச்சு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் வாழ்க்கையைக் கணிக்க முடியுமா? அதே மாதிரிதான்.

சரி, ஏற்காட்டுக்குத் திரும்பி வருவோம்.

டீக்கடைக் கணக்கு: ஒரு வருஷம், 22 ஷோ

நண்பனோட சம்பளம் கையில வர்றது மாசம் 38,000 ரூபாய். சேலத்துல ஒரு ஆபீஸ் வேலை. போன வருஷம் ஏப்ரல்லேர்ந்து மார்ச் வரைக்கும் அவன் பண்ணின ஷோக்கள்:

- ரிசார்ட் நைட்: 8 ஷோ × 12,000 = 96,000
- சேலம், நாமக்கல் பக்கம் கல்யாண ரிசப்ஷன்: 9 ஷோ × 8,000 = 72,000
- காலேஜ் விழா: 4 ஷோ × 6,000 = 24,000
- நியூ இயர் நைட்: 1 ஷோ = 30,000

மொத்தம் 22 ஷோ, 2,22,000 ரூபாய்.

"பார்த்தியா, ரெண்டு லட்சத்துக்கு மேல"ன்னான். முகத்துல அவ்வளவு சந்தோஷம். இப்போ செலவை எழுதச் சொன்னேன்.

- போக்குவரத்து: ஷோவுக்கு சராசரி 1,200 வீதம் 26,400
- கூட வர்ற உதவியாளர்: ஷோவுக்கு 500 வீதம் 11,000
- ஷோ பிடிச்சுக் கொடுக்கறவங்க கமிஷன் 10%: 22,200
- கன்ட்ரோலர், லேப்டாப் ஈஎம்ஐ: மாசம் 5,400 வீதம் 64,800
- சாஃப்ட்வேர், பாட்டு சப்ஸ்கிரிப்ஷன், கேபிள், ரிப்பேர்: 18,000
- இன்னும் வராத பாக்கி: 20,000

அந்தக் கடைசி வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்னுச்சு. ஒரு ஈவென்ட் ஆர்கனைசர் ரெண்டு ஷோவுக்குக் காசு தரலை. ஏழு மாசமா "அடுத்த வாரம்"தான். பேசி வெச்சது எல்லாம் வாய் வார்த்தை, எழுத்துல எதுவும் கிடையாது.

செலவு, பாக்கி எல்லாம் சேர்த்து 1,62,400. மிச்சம் 59,600 ரூபாய். பன்னெண்டால வகுத்தா மாசம் 5,000-த்துக்கும் கொஞ்சம் கம்மி.

12,000-ங்கறது ஒரு நைட்டோட ஃபீஸ். 5,000-ங்கறதுதான் ஒரு மாசத்தோட வருமானம். நிறைய பேர் முதல் நம்பரை வெச்சு முடிவெடுக்கறாங்க, ரெண்டாவது நம்பரை வெச்சு வாழ வேண்டியிருக்கு.

ஆனா ஒரு நிமிஷம், டிஜே வேலை மட்டமா?

இங்கதான் எனக்கே ஒரு ஆச்சரியம். மணிக்கணக்குல பார்த்தா கதை வேற.

ஒரு ஷோவுக்கு ப்ளேலிஸ்ட் தயாரிக்கறது, பயணம், செட்டப், ப்ளே பண்றது எல்லாம் சேர்த்து 10 மணி நேரம். 22 ஷோவுக்கு 220 மணி நேரம். 59,600-ஐ 220-ஆல வகுத்தா மணிக்கு சுமார் 270 ரூபாய். ஆபீஸ்ல மாசம் 25 நாள், ஒரு நாளைக்கு 9 மணி நேரம், 38,000 ரூபாய். மணிக்கு சுமார் 170.

அதாவது ஈஎம்ஐ, கமிஷன், வராத பாக்கி எல்லாம் கழிச்ச பிறகும் டிஜே வேலை மணிக்கு நூறு ரூபாய் அதிகம் கொடுக்குது! அதனால "இதெல்லாம் ஒரு பொழப்பா"ன்னு சொல்ற சொந்தக்காரங்க பேச்சை நான் ஏத்துக்க மாட்டேன். அது நல்ல வேலை. நல்ல கூலி.

பிரச்சினை கூலியில இல்லை, எண்ணிக்கையில இருக்கு. ஆபீஸ் அவனுக்கு வருஷத்துக்கு 2,700 மணி நேர வேலை கொடுக்குது. டிஜே மேடை கொடுத்தது 220 மணி நேரம்தான்.

சம்பளத்துக்கு ஈடா, அதாவது வருஷம் 4,56,000 கையில நிக்கணும்னா எத்தனை ஷோ வேணும்? ஒரு ஷோவுக்கு சராசரி ஃபீஸ் 10,000 சொச்சம். அதுல பயணம், உதவியாளர், கமிஷன், போன வருஷம் மாதிரியே வராமப் போற காசு எல்லாம் கழிச்சா நிக்கறது சுமார் 6,500. ஈஎம்ஐ, சாஃப்ட்வேர் செலவையும் சேர்த்து ஈடுகட்ட 83 ஷோ வேணும்.

வருஷத்துல சனிக்கிழமை 52.

சரி, வெள்ளி, ஞாயிறும் பண்ணலாம். ஆனா ஆடி மாசம் முகூர்த்தம் இல்லை. மார்கழியிலயும் இல்லை. காலேஜ் விழா எல்லாம் சில மாசத்துல முடிஞ்சுடும். ஏற்காட்டுல கூட்டம் வர்றது கோடை விழா நடக்கற மே மாசத்தை ஒட்டி, அப்புறம் லாங் வீக்கெண்ட், டிசம்பர் கடைசி. மழைக்காலத்துல மலைப்பாதையில மண் சரிஞ்சா ஷோவே ரத்து. நியூ இயர் நைட் வருஷத்துக்கு ஒண்ணுதான், அன்னைக்கு ஒரே நேரத்துல ரெண்டு ரிசார்ட்ல நிக்க முடியாது.

இதோட சட்டமும் இருக்கு. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணிலேர்ந்து காலை 6 மணி வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருஷத்துல அதிகபட்சம் 15 நாள், விழாக்களுக்காக 12 மணி வரைக்கும் தளர்த்தலாம். மூடின ஹாலுக்குள்ளேன்னா வேற கதை. ஆனா ஏற்காட்டுல எல்லாரும் கேக்கறது புல்வெளி, குளிர், கேம்ப் ஃபயர். ஆக ஒரு நைட்ல விக்கறதுக்கு இருக்கற நேரமே சாயந்திரம் 6-லேர்ந்து 10 வரைக்கும்தான்.

சரி, ட்ராக் போட்டு சம்பாதிக்கலாமே?

நண்பனோட அடுத்த கேள்வி இதுதான். "ஷோ வேண்டாம் மாப்ள, ஹார்ட்கோர் ட்ராக் ரிலீஸ் பண்றேன். தூங்கும்போதும் காசு வரும்."

போன வருஷம் அவன் மூணு ட்ராக் ரிலீஸ் பண்ணினான். ஸ்ட்ரீமிங், பேண்ட்கேம்ப் எல்லாம் சேர்த்து வந்தது 1,140 ரூபாய். மேல போட்ட கணக்குல இதை நான் சேர்க்கவே இல்லை. காரணம் உங்களுக்கே புரியும்.

ஸ்பாட்டிஃபையில 'ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு'ன்னு நிலையான ரேட் கிடையாது. மொத்த வருமானத்துல உங்க பாட்டோட பங்கு எவ்வளவோ அவ்வளவுதான். அதுவும் 2024-லேர்ந்து, கடைசி 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத ட்ராக்குக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது. கணக்குக்காக ஒரு ஸ்ட்ரீமுக்கு 10 பைசான்னு வெச்சுக்குவோம். 38,000 சம்பளத்துக்கு மாசா மாசம் 3,80,000 ஸ்ட்ரீம் வேணும். தமிழ்நாட்டுல ஹார்ட்கோர் கேக்கறவங்களைக் கூப்பிட்டா ஒரு கல்யாண மண்டபம் நிறையுமாங்கறதே சந்தேகம்.

பேண்ட்கேம்ப் பரவாயில்லை. அது டிஜிட்டல் விற்பனையில 15% எடுத்துக்கும், பேமென்ட் கட்டணம் தனி. ஐரோப்பாவுல இருக்கற ஒரு ரசிகர் ஒரு ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கினா, ஆயிரக்கணக்கான ஸ்ட்ரீமுக்குச் சமம். சின்னக் கூட்டத்தோட இசைக்கு இந்த வழிதான் சரி. ஆனா அதுவும் மெதுவாத்தான் வளரும்.

பெரிய ஹிட் கொடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கறீங்களா? 2021 மார்ச்ல வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை ஞாபகம் இருக்கா? உலகம் முழுக்க ஓடின தமிழ் சுயாதீனப் பாட்டு. மூணு வருஷம் கழிச்சு, 2024 மார்ச்ல சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டார். அந்தப் பாட்டுலேர்ந்து தனக்கோ, தீக்கோ, அறிவுக்கோ வருமானமே வரலைன்னு வெளிப்படையாச் சொன்னார். லேபிள் தரப்பும் தங்கள் விளக்கத்தைக் கொடுத்தது. யார் சரி, யார் தப்புங்கறது இந்தப் பதிவோட வேலை இல்லை. நமக்கான பாடம் ஒண்ணு இருக்கு. அவ்வளவு பெரிய பாட்டுக்கே 'காசு எங்கே'ன்னு கேள்வி வருதுன்னா, ஒப்பந்தத்தைப் படிக்காம, கணக்கு கேக்காம இந்தத் துறையில நிக்க முடியாது.

ட்ராக் போடறவங்க பண்ண வேண்டியது: நீங்க இசையமைப்பாளரா, பாடலாசிரியரா இருந்தா ஐபிஆர்எஸ்ல உறுப்பினர் ஆகுங்க. 1969-லேர்ந்து இருக்கற அமைப்பு. 2012-ல காப்புரிமைச் சட்டத்துல கொண்டு வந்த திருத்தத்துக்கு அப்புறம், இசையமைப்பாளர், பாடலாசிரியரோட ராயல்டி உரிமையை எழுதி வாங்கிக்கறது முன்ன மாதிரி சுலபம் இல்லை. ஆனா கேக்கறவங்களுக்குத்தான் கிடைக்கும்.

வேலையை விட்டா சம்பளம் மட்டுமா போகும்?

இதுதான் அந்த டீக்கடையில பேச்சு அடங்கின இடம்.

நண்பனோட அம்மாவுக்கு ஆறு வருஷமா சர்க்கரை. இப்போ கண்ணுக்கும் சிகிச்சை போயிட்டிருக்கு. அவங்க இருக்கறது நண்பனோட ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸ்ல. அதுல காத்திருப்புக் காலம் கிடையாது, முதல் நாள்லேர்ந்தே கவர். அந்த மெயிலை அனுப்பினா, கடைசி வேலை நாளோட அந்த கவரும் முடியும். புதுசா தனியா பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கற நோய்க்கு 36 மாசம் வரைக்கும் காத்திருப்புக் காலம் போடலாம். 2024 வரைக்கும் அது 48 மாசமா இருந்தது, இப்போதான் குறைச்சாங்க. குறைச்சும் மூணு வருஷம்!

"இதை நான் யோசிக்கவே இல்லைடா"ன்னான்.

குரூப் பாலிசிலேர்ந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாறற வசதி இருக்கு. ஆனா அதை வேலையில இருக்கும்போதே விசாரிக்கணும். விட்டுட்டு வந்து கேட்டா லேட்.

இது போக, கம்பெனி போடற பிஎஃப் பங்கு நிக்கும். அஞ்சு வருஷம் முடியலைன்னா கிராஜுவிட்டியும் போகும். பர்சனல் லோன், ஹோம் லோன் கேக்கும்போது சம்பள ஸ்லிப்புக்கு இருக்கற மரியாதை, "நான் டிஜே"ங்கற வார்த்தைக்கு இன்னும் வரலை.

இதையெல்லாம் ரூபாயா மாத்தினா, 83 ஷோங்கறது 100 ஷோ பக்கம் போயிடும்.

என் கருத்து: ஏற்காட்டு மிளகுக் கொடியைப் பாருங்க

சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-கள்ல சேர்வராயன் மலைக்குக் காபி கொண்டு வந்தார்னு சொல்வாங்க. 200 வருஷமா அந்த மலை காபி விளைவிக்குது. காபிக்காரர் கையில மாசச் சம்பளம் வராது. அறுவடை நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும்தான். நாலு மாசக் காசுல பன்னெண்டு மாசம் ஓட்டணும். அதனாலதான் எஸ்டேட்ல காபியை மட்டும் நம்ப மாட்டாங்க. நிழலுக்கு சில்வர் ஓக் மரம் வளர்ப்பாங்க, அந்த மரத்துல மிளகுக் கொடியை ஏத்தி விடுவாங்க. மரம் நிழலும் கொடுக்குது, கொடிக்குத் தாங்கலும் கொடுக்குது. மிளகு தனி வருமானம்.

டிஜே வருமானம் சம்பளம் மாதிரி வராது, அறுவடை மாதிரி வரும். அதனால உங்க சம்பளத்தை எதிரியாப் பார்க்காதீங்க. அது சில்வர் ஓக். உங்க இசை மிளகுக் கொடி. கொடி நல்லா வளருதுன்னு சொல்லி மரத்தை வெட்டினா என்ன ஆகும்? கொடியும் சேர்ந்து கீழே விழும்.

இன்னொரு விஷயம், இதை நண்பன்கிட்ட நேராவே சொன்னேன். வேலையை விட்டா அவன் ஹார்ட்கோர் பண்ணப் போறதில்லை. 83 ஷோ பிடிக்கறதுக்காக வாரம் முழுக்க குத்துப் பாட்டு ரீமிக்ஸ்தான் பண்ணுவான். மேனேஜர் கேக்கறதைப் போடுவான். இப்போ சம்பளம் வர்றதாலதான் யாரும் கேக்காத 180 பீட் ட்ராக்கை ராத்திரி உட்கார்ந்து செய்ய முடியுது. அவனோட ஹார்ட்கோருக்கு இருக்கற ஒரே ஸ்பான்சர் அந்த ஆபீஸ்தான்.

சைடு வருமானம் இருக்கறவங்க உடனே பண்ண வேண்டியது

1. தனி பேங்க் அக்கவுண்ட். ஷோ காசு அதுல வரணும், ஷோ செலவு அதுலேர்ந்து போகணும். சம்பளத்தோட கலந்தா லாபமா நஷ்டமான்னு தெரியவே தெரியாது.

2. பாதி அட்வான்ஸ், மீதி ஷோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. குறைஞ்சது வாட்ஸ்அப்லயாவது எழுத்துல இருக்கணும். நண்பனோட 20,000 ரூபாய் பாடம் இது.

3. புது கியர் ஷோ காசுலதான் வாங்கணும், சம்பள ஈஎம்ஐல இல்லை. நண்பனோட செலவுலயே பெரிசு அந்த 64,800 ஈஎம்ஐதான். கூட்டம் உங்க கன்ட்ரோலர் மாடலைப் பார்த்து ஆடறதில்லை.

4. ஆபீஸ் அனுமதி. 2022 செப்டம்பர்ல விப்ரோ, போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்த 300 பேரை நீக்கினதாச் சொன்னது. அடுத்த மாசமே இன்ஃபோசிஸ், முன் அனுமதியோட வெளி வேலை பண்ணலாம்னு சொன்னது. டிஜே வேலை உங்க கம்பெனிக்குப் போட்டி இல்லைதான். ஆனாலும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க, ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு வெச்சுக்கோங்க.

5. வரி. தொழில் வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாது. ஒரு கம்பெனி வருஷத்துல 50,000-க்கு மேல ப்ரொஃபஷனல் ஃபீஸ் கொடுத்தா 10% டிடிஎஸ் பிடிக்கும். 2025 ஏப்ரலுக்கு முன்னாடி இந்த வரம்பு 30,000. நண்பன் மாதிரி மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா புதிய வரி முறையில வரி வராது, ஆனா பிடிச்ச டிடிஎஸ்ஸைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட்டே ஆகணும். இன்னொண்ணு கவனிங்க: சம்பளம் மட்டும் இருந்தா பழைய முறை, புதிய முறைன்னு வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் இருந்தா அப்படி இஷ்டத்துக்கு மாத்த முடியாது. ஒரு தடவை ஆடிட்டரைப் பாருங்க. ஜிஎஸ்டி பதிவு வரம்பு சேவைகளுக்கு 20 லட்சம். அது வந்தா எனக்கு பார்ட்டி வைங்க!

6. அவசர நிதி. சம்பளக்காரங்களுக்கு 6 மாசச் செலவு போதும்னு நான் வழக்கமாச் சொல்வேன். சீசன் வருமானத்துக்கு மாறணும்னா 12 மாசம். ஒரு அறுவடை பொய்ச்சாலும் அடுத்த அறுவடை வரைக்கும் தாங்கணும்.

7. அம்மா, அப்பாவுக்கும் உங்களுக்கும் ஆபீஸைச் சாராத ஹெல்த் பாலிசி. வேலையை விடற எண்ணம் இருக்கோ இல்லையோ, இன்னைக்கே ஆரம்பிச்சா காத்திருப்புக் காலம் சம்பளம் வரும்போதே ஓடிடும்.

8. காது. 85 டெசிபல்ல 8 மணி நேரம் தாங்கலாம்னா, 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். நல்ல இயர் ப்ளக் வாங்குங்க. காது போன டிஜேவுக்கு எந்த எஸ்ஐபியும் உதவாது.

அப்போ எப்பதான் விடறது?

"இப்படிக் கணக்கு பார்த்துட்டே இருந்தா யாரும் கலைஞனா ஆக முடியாது"ன்னு நீங்க சொல்லலாம். நியாயமான கேள்வி. எல்லாத்தையும் விட்டுட்டுப் போய் ஜெயிச்சவங்க இருக்காங்க. ஆனா அப்படிப் போய்த் தோத்தவங்க பேட்டி கொடுக்கறதில்லை, அதனால நமக்கு ஜெயிச்சவங்க கதை மட்டும்தான் கேக்குது.

நான் விடவே கூடாதுன்னு சொல்லலை. ஒரு அளவுகோல் சொல்றேன்: ரெண்டு ஆடி தாண்டணும். ஷோ காசுல செலவெல்லாம் போக நிக்கறது, தொடர்ந்து ரெண்டு வருஷம் உங்க சம்பளத்துல 60% தொட்டிருக்கணும். மே மாசம் 60% தொடறது பெரிய விஷயம் இல்லை, ஆடி, மார்கழியையும் சேர்த்த வருஷக் கணக்குல தொடணும். கூடவே 12 மாச நிதியும், சொந்த ஹெல்த் பாலிசியும் இருக்கணும். அப்படி இருந்தா தைரியமா விடுங்க, நானே வந்து முதல் வரிசையில ஆடறேன். நண்பன் இப்போ இருக்கறது 13%-ல.

அவன் அந்த பில் பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டான். மெயிலை அழிக்கலை, அனுப்பவும் இல்லை. "டிராஃப்ட்லயே இருக்கட்டும், ரெண்டு ஆடி கழிச்சுப் பார்ப்போம்"னான். அடுத்த வாரமே அம்மா பேர்ல தனி பாலிசிக்கு அப்ளை பண்ணிட்டான். அந்த 20,000-க்கு எழுத்துல ஒரு நோட்டீஸும் அனுப்பிட்டான்.

கீழே இறங்கும்போது அந்த 20 கொண்டை ஊசி வளைவுலயும் எதிர்ல வர்ற பஸ்ஸோட ஹாரனைப் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே வந்தான். அதை வெச்சு அடுத்த ஹார்ட்கோர் ட்ராக் பண்றானாம். எத்தனை ஸ்ட்ரீம் போகும்னு நான் கேக்கலை. திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஆபீஸ்ல இருந்தான்.

உங்க சைடு வருமானத்துக்கு இதே மாதிரி ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுப் பாருங்க. ஃபீஸ் எவ்வளவு, கையில நின்னது எவ்வளவுன்னு ரெண்டு நம்பரையும் கமெண்ட்ல சொல்லுங்க. சம்பளத்தோட சைடு வருமானத்தையும் சேர்த்து எப்படி ஐடிஆர் போடறதுன்னு நம்ம சேனல்ல தனி வீடியோவா பார்க்கலாம்.

இது என் தனிப்பட்ட கருத்து. வரி, இன்ஷூரன்ஸ் முடிவுகளுக்கு உங்க ஆடிட்டர்கிட்டயும் ஆலோசகர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.